ஷாஜகானின் மனக்கோட்டை: ஒரு நாடகப் பாத்திரத்தை வகுப்பறையில் வாசித்தல்

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்ப் பள்ளியில் பணியாற்றியபோது நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். அவன் தந்தை பிரான்சில் இருந்தார். எங்கள் காரைக்கால் பகுதியில் இது புதுமையன்று. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் என்பதால், அங்கே உறவினர் உள்ள வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. "அடுத்த மாசம் அப்பா வர்றாங்க சார், வண்டி வாங்கித் தரப் போறாங்க" என்று அவன் அடிக்கடி சொல்வான். அடுத்த மாதம் வரும், அப்பா வரமாட்டார். பேச்சு மட்டும் அதற்கடுத்த மாதத்திற்கு நகரும். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாததற்கு இதே காரணத்தைச் சொன்னான். பொறுமை இழந்து, "எத்தனை நாளைக்குடா இந்தப் பொய்?" என்று வகுப்பின் முன்னிலையில் கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அடுத்த நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பாயி மட்டும் இருந்தார். எழுபதைக் கடந்த வயது. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் சொன்னார்: "அவன் சொல்றது நடக்காதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. அதை அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். மகன் வர்றான் வர்றான்னு வாயால சொல்லிக்கிட்டாவது இருந்தாத்தான் பொழுது போவுது." பிறகு அலமாரியைத் திறந்து காட்டினார். உறை பிரிக்காத மூன்று புதுச் சட்டைகள். மூன்று தீபாவளிக்கு மகனுக்காக வாங்கி வைத்தவை.

பொய் என்று நான் பெயரிட்டது ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் சேர்ந்து கட்டிய மனக்கோட்டை. அதற்குள்தான் இருவரும் குடியிருந்தார்கள். இது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த ஆண்டே அவ்வகுப்பின் இலக்கிய மன்ற நேரத்தில் இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்தின் சில பகுதிகளை வாசிக்கத் தேர்ந்தெடுத்தேன். இப்போது குரும்பகரத்தில் உயர்வகுப்பு மாணவர்களுடன் அதே வாசிப்பைத் தொடர்கிறேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகமும் ஆசிரியரும்

1930இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இந்திரா பார்த்தசாரதி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். பின்னர் 1980களில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். 'குருதிப்புனல்' நாவலுக்காக 1977இல் சாகித்திய அகாதெமி விருதும், 'இராமானுஜர்' நாடகத்திற்காக 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மானும் பெற்றவர். 'ஔரங்கசீப்' அவர் 1970களில் எழுதிய நாடகம்.

முகலாயப் பேரரசர் ஷாஜகானின் இறுதிக் காலமும் அவர் மக்களிடையே நடந்த வாரிசுப் போரும் இதன் களம். மும்தாஜுக்கு வெண்பளிங்கில் தாஜ்மகால் எழுப்பிய ஷாஜகான், யமுனையின் மறுகரையில் தமக்கெனக் கரும்பளிங்கில் ஒரு மகால் கட்ட விரும்புகிறார். மூத்த மகன் தாராவும் மகள் ஜஹனாராவும் தந்தையின் பக்கம். ஔரங்கசீப்பும் ரோஷனாராவும் எதிர்ப்பக்கம். அரியணைப் போட்டியில் ஔரங்கசீப் வெல்கிறார், தந்தை சிறைப்படுகிறார், தாரா கொல்லப்படுகிறார். நாடகம் அத்துடன் முடிந்துவிடவில்லை. வென்றவரின் முதுமையையும் நமக்குக் காட்டிவிட்டே முடிகிறது.

ஷாஜகான் இறந்த காலத்தில் வாழ்கிறார், தாரா எதிர்காலத்தில் வாழ்கிறார், ஔரங்கசீப் நிகழ்காலத்தில் வாழ்வதாக நம்புகிறார் என்று கரும்பலகையில் மூன்று கட்டமிட்டு எழுதினால் மாணவர்கள் நாடகத்தின் அமைப்பை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள்.

நாடகம் வேறு, வரலாறு வேறு

வாசிக்கத் தொடங்குமுன் வரலாற்று ஆசிரியரின் துணையோடு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவது நல்லது. உறுதியான செய்திகள் இவை. ஷாஜகான் 1592இல் பிறந்தார். 1628இல் அரியணை ஏறினார். மும்தாஜ் 1631இல் இறந்தார். 1657இல் ஷாஜகான் நோயுற்றதும் வாரிசுப் போர் மூண்டது. 1658இல் சாமுகர் போரில் தாரா தோற்றார். அவ்வாண்டு தொடங்கி 1666இல் தம் 74ஆம் வயதில் இறக்கும்வரை ஷாஜகான் ஆக்ராக் கோட்டையில் சிறையிருந்தார். ஜஹனாரா தாமே விரும்பி அவருடன் தங்கினார். கோட்டையிலிருந்து பார்த்தால் யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் தெரியும்.

கறுப்பு மகாலுக்கு என்ன ஆதாரம்? ஷாஜகான் ஆற்றின் மறுகரையில் தம் கல்லறையைக் கட்டத் தொடங்கினார் என்று பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மணிக்கல் வணிகர் தவேர்னியே தம் பயண நூலில் எழுதினார். அந்தக் கதை நெடுங்காலம் உலவியது. 1990களில் மறுகரையிலுள்ள மேத்தாப் பாக் தோட்டத்தைத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கறுப்பு மகாலுக்கான அடித்தளம் எதுவும் கிடைக்கவில்லை. கறுப்பாகத் தெரிந்த கற்கள் காலத்தால் நிறம் மாறிய வெண்பளிங்கு என்று தெரிந்தது. அங்கே ஒரு பெரிய எண்கோணக் குளமும் வெளிப்பட்டது. அந்த நீரில் தாஜ்மகாலின் நிழல் விழும்.

இந்தச் செய்தியைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு மாணவி, "அப்போ கறுப்பு மகால் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சா சார்?" என்றாள். நாடகத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. இல்லாத ஒன்று ஒருவருக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்ற கேள்வியோடு வாசிப்பைத் தொடங்கினோம்.

முதுமைக்கு எதிராக ஒரு மகால்

ஷாஜகான் பாத்திரத்தை 'ஆசை பிடித்த அரசர்' என்று ஒரே சொல்லில் மாணவர்கள் முடித்துவிடுவார்கள். அவர் இழந்தவற்றைப் பட்டியலிடச் சொல்லுங்கள். மனைவி இல்லை. உடல்நலம் இல்லை. மக்கள் தம் உடல்நிலையைவிட அரியணையின் நிலையையே கவனிக்கிறார்கள். பிறகு அரியணையும் இல்லை. இத்தனைக்கும் பிறகு அவர் கையில் மிஞ்சியது என்ன? ஒரு காலத்தில் நினைத்ததைக் கல்லில் எழுப்பிக் காட்டியவர் என்ற நினைவு மட்டுமே.

கறுப்பு மகால் அந்த நினைவின் நீட்சி. திட்டம் தீட்டிக்கொண்டிருக்கும்வரை அவர் முதியவர் அல்லர், அரசர். கட்டடம் முடியும்வரை காலம் காத்திருக்க வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் நியாயம். மகால் அவர் சவத்திற்கு என்றாலும் அதைப் பற்றிய பேச்சு அவர் உயிருக்குத் தேவைப்பட்டது. தாஜின் எதிரே தமக்கும் ஓர் இடம் என்ற எண்ணத்தில் முதுமைப் பயத்தோடு தனிமைப் பயமும் கலந்திருக்கிறது. இறந்த பிறகும் தனியே கிடக்கக் கூடாது என்று அவர் அஞ்சுகிறார்.

இந்த மனக்கோட்டை தனி ஒருவரால் நிற்பதில்லை. கேட்க ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் ஜஹனாரா இருக்கிறார். அவர் செய்வது சரியா என்பதே வகுப்பில் மிகுந்த விவாதத்தை எழுப்பிய கேள்வி. "அப்பாவை ஏமாத்துறாங்க" என்றது ஒரு தரப்பு. "வேற என்ன சொல்லச் சொல்ற?" என்றது மறுதரப்பு.

விலை யார் தலையில்?

இரக்கத்தோடு நின்றுவிட்டால் பாதி நாடகத்தைத்தான் படித்தவர்களாவோம். மகாலுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது எதிர்ப்பக்கத்தின் கேள்வி. கருவூலத்தில் இருப்பது அரசரின் சொந்தப் பணமன்று, உழவர் கட்டிய வரி. ஒரு தனி மனிதரின் தனிமைக்கு ஒரு நாடு விலை கொடுக்க வேண்டுமா? இந்த இடத்தில் ஔரங்கசீப்பின் வாதம் வலுவானது என்பதை மாணவர்களிடம் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் நாடகம் அவரையும் விட்டுவைக்கவில்லை. கனவுகளைக் கண்டிப்பவராக அறிமுகமாகும் ஔரங்கசீப்புக்கும் ஒரு கனவு இருக்கிறது. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே மதம் என்ற கனவு அது. அதற்கும் விலை உண்டு, அந்த விலையை மற்றவர்களே கொடுக்கிறார்கள். இறுதியில் முதுமையில் தனித்து நிற்கும் ஔரங்கசீப்பைப் பார்க்கும்போது, தந்தையின் மனக்கோட்டையை இடித்தவரும் இன்னொரு மனக்கோட்டைக்குள்தான் வாழ்ந்தார் என்பது புரிகிறது. வரலாற்றிலும் அவர் தம் கடைசி 26 ஆண்டுகளைத் தக்காணப் போர்களிலேயே கழித்து, 1707இல் 88ஆம் வயதில் அகமதுநகரில் இறந்தார். குல்தாபாத்தில் உள்ள அவர் கல்லறை மேற்கூரை இல்லாத எளிய ஒன்று. தாஜ்மகாலின் படத்தையும் அக்கல்லறையின் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால் வகுப்பு சிறிது நேரம் அமைதியாகிவிடும். அந்த அமைதியை நாம் பேசிக் கலைக்க வேண்டியதில்லை.

காகிதக்கூடு சுற்றிய விளக்கு

மேனிலை வகுப்புகளுக்கு ஓர் ஒப்பீட்டையும் சேர்க்கலாம். அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' 1947இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் நாயகி பிளான்ச் பரம்பரை வீட்டையும் வேலையையும் இழந்து, நியூ ஆர்லியன்சில் இருக்கும் தங்கையின் வீட்டுக்கு வருகிறாள். இளமை கழிவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பகல் வெளிச்சத்தைத் தவிர்க்கிறாள். அறையிலுள்ள மின்விளக்கின் மேல் வண்ணக் காகிதக்கூடு ஒன்றை மாட்டச் செய்கிறாள். செல்வந்த நண்பர் ஒருவர் தன்னை அழைத்துச் செல்ல வருவார் என்று சொல்லிக்கொள்கிறாள். அவளை மணக்க எண்ணியிருந்த மிட்ச் ஒருநாள் அந்தக் காகிதத்தைக் கிழித்து, விளக்கின் நேர் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்கிறான். முடிவில் அவள் மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள்.

ஷாஜகானுக்கு மகால், பிளான்ச்சுக்குக் காகிதக்கூடு. ஒருவர் பேரரசர், மற்றவர் போக்கிடம் இல்லாத பள்ளி ஆசிரியை. நிலை வேறானாலும் அச்சம் ஒன்றே. பிளான்ச்சின் பொய்கள் பலரைக் காயப்படுத்தின என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் மிட்ச் காகிதத்தைக் கிழிக்கும் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் "எத்தனை நாளைக்குடா இந்தப் பொய்?" என்ற என் குரலே எனக்குக் கேட்கிறது. அவன் கண்டது உண்மைதான். ஆனால் கண்ட உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நம்மூரில் ஓர் எதிர்முனை

காரைக்கால் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவை அறியாத குழந்தை இங்கில்லை. கணவன் பரமதத்தன் அஞ்சி விலகிய பிறகு, இனி இந்த அழகு யாருக்காக என்று எண்ணி, இளமையும் வனப்பும் உதிரப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் புனிதவதியார் என்கிறது பெரியபுராணம். முதுமையை ஒளிக்க ஒருவர் மகால் கட்ட நினைத்தார். இவரோ இளமையைத் தாமே கழற்றி வைத்தார். இருவரும் துணையை இழந்தவர்கள்தாம். ஏன் இருவேறு வழி? சமய நோக்கில் அன்றி, பாத்திர ஒப்பீடாக இந்தக் கேள்வியை வைத்தபோது மாணவர்கள் தந்த விடைகளில் ஒன்று இது: "அம்மையாருக்குப் பாடறதுக்கு ஆள் இருந்துச்சு சார். ஷாஜகானுக்குப் பேசறதுக்கு ஆள் கம்மி." இலக்கணச் சுத்தமான விடையன்று. ஆனாலும் முழு மதிப்பெண் தந்தேன்.

வகுப்பறைச் செயல்பாடுகள்: ஐந்து பாடவேளைகள்

1. காலக்கோடு: 1592 முதல் 1707 வரை சுவரில் நூல் கட்டி, நிகழ்வுகளைச் சீட்டில் எழுதித் தொங்கவிடுதல். வரலாற்று உண்மைக்கு ஒரு நிறச் சீட்டு, நாடகக் கற்பனைக்கு வேறு நிறச் சீட்டு.

2. வாசிப்பு அரங்கு: வேடமோ மனப்பாடமோ வேண்டாம். தேர்ந்தெடுத்த காட்சிகளைப் பாத்திரம் பிரித்து உரக்க வாசித்தால் போதும். தந்தை மகள் உரையாடலை இரு இணைகள் இரு விதமாக வாசிக்கட்டும். ஓர் இணை அன்போடும் மற்றது சலிப்போடும் வாசிக்கும்போது, அதே சொற்கள் வேறு பொருள் தருவதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

3. பாத்திரத்திடம் கேள்: ஒரு மாணவர் ஷாஜகானாக நாற்காலியில் அமர்வார். மற்றவர்கள் உழவராக, கல்தச்சராக, மகளாக, மகனாக இருந்து கேள்வி கேட்பார்கள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நாற்காலியில் ஆள் மாறட்டும்.

4. மூன்று கேள்விகள்: ஒரு மனக்கோட்டை எதை மறைக்கிறது? அதைக் கேட்டுக்கொண்டு உடனிருப்பவர் யார்? அதற்கு விலை கொடுப்பவர் யார்? ஷாஜகான், தாரா, ஔரங்கசீப் ஆகிய மூவருக்கும் குழுவாக விடை எழுதி ஒப்பிடுதல்.

5. எழுத்துப் பணி: ஷாஜகான் இறந்த மறுநாள் ஜஹனாரா எழுதும் கடிதம். அல்லது, வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு முதியவருடன் அரைமணி நேரம் அமர்ந்து, அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு, அவர் அனுமதியோடு ஒரு பக்கம் எழுதுதல். இரண்டில் எது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். தன் வீட்டைப் பற்றி எழுதுமாறு எவரையும் வற்புறுத்த வேண்டாம்.

தொடக்க வகுப்புகளுக்கு இந்த நாடகம் பொருந்தாது. கருத்து பொருந்தும். கைவிளக்கின் முன் வெவ்வேறு நிறக் காகிதங்களைப் பிடித்து, சுவரிலுள்ள ஒரு படம் எப்படி மாறித் தெரிகிறது என்று பார்க்கச் செய்யலாம். பிறகு, "தாத்தா பாட்டி திரும்பத் திரும்பச் சொல்லும் கதை எது? அதை ஏன் திரும்பச் சொல்கிறார்கள்?" என்று பேச வைக்கலாம். குழந்தைகள் வியக்கும்படியான விடைகளைத் தருவார்கள்.

மதிப்பீடும் எச்சரிக்கையும்

'ஷாஜகான் கற்பனையில் வாழ்ந்தார்' என்பது தொடக்கநிலை விடை. 'தனிமையை மறக்கக் கற்பனையில் வாழ்ந்தார்' என்பது இடைநிலை விடை. 'அந்தக் கற்பனை அவரைத் தாங்கியது, ஆனால் அதன் செலவு மற்றவர்கள் மேல் விழ இருந்தது' என்று இரு பக்கமும் கண்டு, நாடகத்திலிருந்து சான்று காட்டுவது உயர்நிலை விடை. பாத்திரத்தை மன்னித்தார்களா, கண்டித்தார்களா என்பதற்கு மதிப்பெண் இல்லை. சான்றுக்கே மதிப்பெண்.

இந்த நாடகம் ஒரு சமயத்தவரைப் பற்றிய தீர்ப்பு அன்று. அதிகாரமும் தனிமையும் மனிதரை என்ன செய்யும் என்பதைப் பற்றியது. பல சமயத்தவரும் ஒரே வாங்கில் அமரும் வகுப்பில், உரையாடல் வேறு திசையில் நழுவினால் நாடகப் பனுவலுக்குத் திரும்ப அழைத்து வருவது ஆசிரியரின் கடமை.

இன்னொன்று. இப்பாடத்தின்போது சில மாணவர்களின் வீட்டு நிலைமை வெளிப்படலாம். அதை வகுப்பின் முன் தொடர வேண்டாம். தனியே பேசுங்கள், தலைமையாசிரியரிடம் கலந்துகொள்ளுங்கள். குழந்தைக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டால் 1098, துணையற்ற முதியவருக்கு உதவி தேவைப்பட்டால் 14567 ஆகிய உதவி எண்கள் உள்ளன.

அந்த மாணவன்

நான் தவறிழைத்த அந்த மாணவன் மறுவாரம் பள்ளிக்குத் திரும்பினான். அவனிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான், அவ்வளவுதான். நாடக வாசிப்பில் அவன் எந்தப் பாத்திரத்தையும் கேட்டு வாங்கவில்லை. கடைசிப் பாடவேளையில் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டான்: "மகால் கட்ட முடியாதுன்னு ஜஹனாராவுக்குத் தெரியும்ல சார். அப்புறமும் ஏன் கூடவே இருந்தாங்க?"

நான் விடை சொல்லவில்லை. வகுப்பைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். எழுத்துப் பணியாக முதியவருடன் உரையாடுவதைத் தேர்ந்தெடுத்தான். அவன் அப்பாயி தம் இளவயதில் நடவு நட்டது, மகனைப் பள்ளிக்கு அனுப்பியது, அவன் விமானம் ஏறிய நாள் ஆகியவை அந்தப் பக்கத்தில் இருந்தன. அப்பா எப்போது வருவார் என்பது அதில் இல்லை. அந்த ஆண்டு தீபாவளிக்கு அவன் போட்டு வந்த சட்டை தோளில் சற்றுத் தொளதொளவென்றிருந்தது. மூன்று உறைகளில் ஒன்று பிரிக்கப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். நான் எதுவும் கேட்கவில்லை.

நம் வகுப்பில் பொய் சொல்லும் குழந்தை ஒன்று இருந்தால், திருத்துவதற்கு முன் அந்த மூன்று கேள்விகளை நமக்குள் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். இரண்டாவது கேள்விக்கு விடை 'யாரும் இல்லை' என்று வந்தால், அந்த இடத்தில் சிறிது நேரம் நாம் அமர்வோம்.